பத்து நாள் லீவும் ஒழுகும் சமையலறையும்

போன வருஷம் மே மாதம் ஒன்பது நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி ஏ ஷிப்டுக்கு, அதாவது காலை ஷிப்டுக்குப் போன அன்று, விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறி கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். ஓசூரில் பக்கத்து சீட்டுக்காரர்தான் தட்டி எழுப்பினார். "லீவுல எங்க போயிருந்தீங்க, இப்படிக் கறுத்து இளைச்சுப் போயிருக்கீங்க?" என்று கேட்டார். நான் எங்கேயும் போகவில்லை. ஒன்பது நாளும் வீட்டில்தான் இருந்தேன்.

அந்த ஒன்பது நாளில் என்ன தப்பு நடந்தது, இந்த வருஷம் அதை எப்படி மாற்றினேன் என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. என்னைப் போல ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை நீண்ட லீவு எடுத்து, அதற்குள் வீட்டு வேலை மொத்தத்தையும் முடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். வீடு காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா 2006ல் தளம் போட்டுக் கட்டிய வீடு. அம்மா, மனைவி, பத்தாவது முடித்த மகன், ஆறாவது படிக்கும் மகள், இரண்டு கறவை மாடு. அப்பா இறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 20 நாள் வேலை பார்த்தால் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு சேரும், 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்து வந்த கணக்கு அது. அப்படிப் பார்த்தால் பத்து நாள் லீவு என்பது 200 நாள் உழைப்பு. போன வருஷம் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

போன வருஷம் செய்தது இதுதான். நோட்டில் 23 வேலை எழுதினேன். சனிக்கிழமை காலை சி ஷிப்ட், அதாவது இரவு ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வீடு வந்தேன், ஒரு டீ குடித்துவிட்டு நேராக ஏணியில் ஏறினேன். இரவு முழுக்கக் கண் விழித்தவன் ஏணியில் ஏறக்கூடாது என்று கம்பெனியில் புதுப் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன். வீட்டில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. முதல் நாளே பரணில் இருந்த சாமான் எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் போட்டேன். இரண்டாம் நாள் கேட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவினேன், ஏனென்றால் மழைக்காலத்தில் சமையலறைச் சுவரில் தண்ணீர் இறங்குகிறது. ஆக மூன்று நாளில் மூன்று வேலையைத் திறந்துவிட்டேன், ஒன்றையும் மூடவில்லை. கூடத்தில் கிடந்த கோணி மூட்டையில் அம்மா கால் தடுக்கி விழப் பார்த்தார். ஆறாம் நாள் சாயங்காலம் மாடி முழுக்க வாட்டர்ப்ரூஃப் கோட் அடித்து முடித்த ஒரு மணி நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. காயாத கோட் வெள்ளையாகக் கரைந்து சுவரோடு வழிந்தது. அந்தக் கோடு இன்னும் தெற்குப் பக்கச் சுவரில் இருக்கிறது.

இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது ஒன்று. அந்த ஒன்பது நாளும் பாத்ரூம் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ராத்திரி வாளி வைத்தால் விடிவதற்குள் அரை வாளி நிரம்பும். அந்தச் சத்தம் படுக்கும் இடம் வரைக்கும் கேட்கும். சின்ன வேலைதானே, பொருந்துகிற பாகத்தை எப்ப வேண்டுமானாலும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளி, லீவே முடிந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், "உங்களுக்கு லீவு முடிஞ்சுது. எனக்கு எப்பங்க லீவு?" கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். நான் வீட்டில் இருந்ததால் அந்த ஒன்பது நாளும் மத்தியானச் சாப்பாடு கூடுதலாக ஒரு ஆளுக்கு, மேஸ்திரி வந்த மூன்று நாள் மூன்று ஆளுக்கு. டீ மட்டும் ஒரு நாளைக்கு நான்கு தடவை. நான் கலைத்துப் போட்ட கூடத்தை தினமும் ராத்திரி படுக்கிற அளவுக்கு ஒதுக்கியது அவள். இதோடு வழக்கமான மாட்டு வேலை வேறு. என் லீவு அவளுக்கு வேலையைக் கூட்டித்தான் விட்டிருக்கிறது.

அந்த வருஷம் கம்பெனியில் ஷட்டவுன் வந்தபோதுதான் மனதில் ஒன்று பிடிபட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை லைனை மூன்று நான்கு நாள் நிறுத்தி மெஷின்களைப் பிரித்துப் பார்ப்போம். அதற்கு ஒன்றரை மாதம் முன்பே பட்டியல் போட்டுவிடுவோம். ஸ்பேர் கையில் வராத மெஷினைத் திறக்கவே விடமாட்டார்கள். ஒரே வால்வை மூடினால் செய்யக்கூடிய வேலை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும், இரண்டு தடவை மூடித் திறக்கிற பேச்சே கிடையாது. கடைசி ஷிப்ட் முழுக்க ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும். இவ்வளவையும் பதினேழு வருஷமாகச் செய்கிறவன் வீட்டில் மட்டும் ஏன் கையில் கிடைத்ததைத் திறந்து போட்டேன் என்று யோசித்தேன். வீடுதானே, நம் வீடுதானே என்ற நினைப்புத்தான் காரணம்.

இந்த வருஷம் மே மாதம் பத்து நாள் லீவு போட்டேன், ஞாயிறு இரண்டும் சேர்த்துப் பன்னிரண்டு நாள். கடைசி வாரம் சி ஷிப்ட் வராதபடி ஒரு நண்பரோடு மாற்றிக்கொண்டேன். இது ரொம்ப முக்கியம். சி ஷிப்டிலிருந்து நேராக லீவுக்கு வந்தால் முதல் மூன்று நாள் பகலில் தூக்கமும் ராத்திரி விழிப்புமாகப் போய்விடும். உடம்புக்குள் ஓடுகிற கடிகாரம் பகல் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது, அதை ஒரே நாளில் திருப்பி வைக்க முடியாது.

அப்புறம் லீவுக்கு முந்தின இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தேன். இந்தத் தடவை எது பெரியது எது சின்னது என்று பார்க்கவில்லை, எது யார் கையில் இருக்கிறது என்று பார்த்தேன். ஆபீஸ் வேலை, மேஸ்திரி வேலை இதெல்லாம் அடுத்தவர் கையில் இருப்பவை, நாம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குழாய், தாழ்ப்பாள், மிக்ஸி ப்ளக் இதெல்லாம் என் கையில் அரை மணி நேரத்தில் முடிபவை. மாடி, கேட், பரண் மூன்றும் நாள் கணக்கில் பிடிப்பவை. அந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன், மாடியை. கேட் துரு பிடித்து இருக்கிறதே ஒழிய விழப்போவதில்லை. பரண் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. மாடி அப்படியில்லை. எங்கள் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மழை பலமாகப் பிடித்துவிடும், அதற்கு முன் முடித்தாக வேண்டும்.

சாமான் எல்லாம் லீவுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. குழாய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பழைய மாதிரி திருகுக் குழாய் என்றால் உள்ளே ரப்பர் வாஷர், அது ஐந்து பத்து ரூபாய் சமாச்சாரம். அரைச் சுற்றில் திறக்கிற குழாய் என்றால் உள்ளே செராமிக் கார்ட்ரிட்ஜ். அது பார்க்க எல்லாம் ஒன்று போல இருக்கும், ஆனால் கைப்பிடி மாட்டுகிற தலையில் பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உயரமும் மாறும். பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனால்தான் சரியானது கிடைக்கும். போன வருஷம் நான் கடைக்குப் போய் வாயால் சொல்லி வாங்கி வந்து பொருந்தாமல்தான் விட்டது. இந்த வருஷம் ஒரு ஞாயிறு காலை கழற்றி, எடுத்துக்கொண்டு போய், அதே மாதிரி வாங்கி, பழையதையே திரும்ப மாட்டிவைத்தேன்.

சரி, அன்றைக்கே புதியதை மாட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். மாடியில் டேங்கிலிருந்து வரும் கேட் வால்வு முழுசாக மூடாது. கழற்றிய ஐந்து நிமிஷத்துக்கே மகன் துணியை வைத்து அடைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். நிதானமாக மாட்ட வேண்டும் என்றால் டேங்க் காலியாக இருக்க வேண்டும். டேங்க் கழுவுவதற்கும் அது காலியாக வேண்டும், வால்வு மாற்றவும் வேண்டும், மிதவை மாற்றவும் வேண்டும். அதனால் நான்கையும் ஒரே நாள் காலைக்கு வைத்தேன்.

முதல் நாள் ஞாயிறு. ஒன்றும் செய்யவில்லை. இதை எழுதுவது சுலபம், செய்வது கஷ்டமாக இருந்தது. காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது, பழக்கம். எழுந்து திண்ணையில் உட்கார்ந்தேன், மறுபடி போய்ப் படுத்தேன், எட்டு மணி வரை தூங்கினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். கை பரபரவென்று இருந்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஏதாவது ஒன்றைத் திருகலாம் என்று தோன்றியது, வேண்டாம் என்று விட்டேன். முன்பெல்லாம் வேலை முடிந்தபின் மிச்சம் இருக்கிற நாளில் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்று வைப்பேன். மிச்சம் இருந்ததே இல்லை. அதனால்தான் ஓய்வை முன்னால் கொண்டுவந்தேன். அந்த ஒரு நாள் தூக்கம் உள்ளே போனதும் மற்ற நாட்களில் கை நிதானமாக ஓடியது, சுத்தியல் விரலில் விழவில்லை, பிள்ளைகளிடம் கத்தவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரே ஒரு வேலை. இ-சேவை மையம் போய் அப்பாவின் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டேன். நிலப் பட்டா, கரண்ட் இணைப்பு இரண்டும் இன்னும் அப்பா பேரில் இருக்கிறது. இதை இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன், நினைக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு கல் மாதிரி. இந்த மாதிரி வேலையை லீவின் முதல் வேலை நாளில் போட்டுவிட வேண்டும் என்பது நான் கற்றுக்கொண்டதில் பெரியது. நாம் செய்ய வேண்டியது ஒரு மணி நேரம்தான், மீதி எல்லாம் காத்திருப்பு. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு கையாக அது போய்க்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் நாம் வீட்டில் தூங்கலாம். கடைசி நாளில் போட்டால் விசாரணைக்குக் கூப்பிடும்போது நாம் ஓசூரில் ஷிப்டில் இருப்போம். மகனுக்கு 15 வயது முடிந்ததால் ஆதாரில் கைரேகை, கருவிழி புதுப்பிக்க வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் இது கட்டாயம். அதையும் அதே நடையில் முடித்தோம். பதினோரு மணிக்கு வீடு வந்து மறுபடி தூங்கினேன்.

செவ்வாய் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் சின்ன வேலை ஏழு முடிந்தது. பின்வாசல் தாழ்ப்பாள், மகள் மேஜையின் ஆடும் கால், மிக்ஸி ப்ளக், துணிக்கொடிக் கம்பி, மாட்டுக் கொட்டகை பல்பு, அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, சைக்கிள் செயின். இதில் அந்தக் கைப்பிடிக்கு இருபது நிமிஷம்தான் ஆனது. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக ராத்திரி எழுந்திருக்கும்போது சுவரைத் தடவிக்கொண்டு எழுந்திருந்தார். இதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

மே மாதம் 38, 39 டிகிரி வெயிலில் பத்து மணிக்கு மேல் வெளி வேலை கிடையாது என்று முதலிலேயே வைத்துக்கொண்டேன். பாதியில் நிற்கிறதே என்று இழுக்கக்கூடாது. அதற்காகவே ஒன்பதரைக்கு முடிகிற அளவுக்குத்தான் வேலையை வெட்டி எடுத்தேன்.

புதன்கிழமை டேங்க். முந்தின நாள் மோட்டார் போடவில்லை. மிச்சத் தண்ணீரை தென்னைக்கும் முருங்கைக்கும் விட்டோம். ஆயிரம் லிட்டர் டேங்கில் அடியில் சேறும், ஓரமெல்லாம் போர் தண்ணீரின் வெள்ளை உப்புப் படிவும். நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்த்து, அலசி வெளியேற்றி, அப்புறம் டேங்கை நிரப்பி, கிட்டத்தட்ட 200 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல் தெளிவை மட்டும் ஊற்றினோம். நாலைந்து மணி நேரம் வைத்திருந்து மொத்தத்தையும் வடித்துவிட்டு நல்ல தண்ணீர் ஏற்றினோம். பிளீச்சிங் பவுடர் போடுகிற இடத்தில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுவரவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சு அடைத்துவிடும். உப்புக் கறை போகவில்லையே என்று ஆசிட் ஊற்றப் பார்க்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

டேங்க் காலியாக இருந்த நேரத்திலேயே கேட் வால்வை மாற்றினேன், மிதவையை மாற்றினேன், பாத்ரூம் குழாயில் கார்ட்ரிட்ஜ் மாட்டினேன். குழாய்க்குப் பத்து நிமிஷம் ஆனது. அன்று ராத்திரி வீட்டில் அந்தச் சொட்டுச் சத்தம் இல்லை. மனைவிதான் முதலில் கவனித்தாள், "என்னங்க, காதுல என்னமோ குறையுது" என்றாள்.

அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக அம்மாவிடம் ஒன்று சொல்லிவைத்தேன். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நல்ல தண்ணீர் ஆகிவிடும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், அது அப்படியே தங்கும். அதனால் குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர் தனிக் குடத்தில் என்று வைத்தாயிற்று.

வியாழன் மாடி. போன வருஷம் செய்த தப்பு கோட் மழையில் போனது மட்டும் இல்லை என்று இந்தத் தடவை வந்த மேஸ்திரி சொன்னார். "ஒழுகுற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டை இருக்கும்னு நெனைக்காதீங்க. தண்ணி எங்கியோ எறங்கி எங்கியோ வரும்" என்றார். லீவுக்கு முந்தின ஞாயிறே அவர் சொன்னபடி மழைத்தண்ணீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, மாடியின் அந்தப் பாதியில் ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டிப் பார்த்தேன். மறுநாள் சமையலறைச் சுவர் நனைந்தது. தண்ணீரை வடித்துக் காயவிட்டுப் பார்த்ததில் தரை நன்றாகவே இருந்தது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற மூலையில் முடி மாதிரி ஒரு வெடிப்பு நீளமாக ஓடியிருந்தது, குழாய் வாயைச் சுற்றிலும் பூச்சு விட்டிருந்தது. இதைத் தொடாமல் நான் மாடி முழுக்கக் கோட் அடித்திருக்கிறேன்.

வெடிப்பை உளியால் வி மாதிரி அகலப்படுத்தி, தூசி போகத் துடைத்து, நனைத்து, ஒட்டும் கெமிக்கல் கலந்த சிமெண்ட் கலவையால் அடைத்து, மூலையில் தண்ணீர் தேங்காதபடி சாய்வாகப் பூசினார். அவரும் நானுமாக ஒரு நாள் வேலை. அப்புறம் ஏழு நாள் காலையும் மாலையும் நனைக்க வேண்டும், நன்றாகக் காய்ந்தபின்தான் மேலே கோட். கணக்குப் போட்டால் என் லீவுக்குள் கோட் அடிக்க முடியாது. போன வருஷத்து நான் என்றால் நனைப்பதை மூன்று நாளோடு நிறுத்திவிட்டு கோட் அடித்து முடித்திருப்பேன், லீவுக்குள் முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள. இந்தத் தடவை அங்கேயே நிறுத்தினேன். பெரிய வேலையை எடுத்தால் எங்கே நிறுத்தினால் கெடாமல் நிற்கும் என்பதை ஆரம்பிப்பதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வெடிப்பு அடைத்த மாடி பத்து நாள் கோட் இல்லாமல் நிற்கும், ஒன்றும் ஆகாது. இறக்கிப் போட்ட பரண் ஒரு ராத்திரி கூட அப்படி நிற்காது. தண்ணீர் தெளிக்கிற பொறுப்பை மகன் எடுத்துக்கொண்டான். கோட் அடிப்பதை லீவு முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தேன்.

நடுவில் கல்யாணம், காதுகுத்து, புது வீட்டுப் பால் காய்ச்சுதல் என்று ஐந்து பத்திரிகை. ஊரில் இருப்பது தெரிந்தால் எல்லாரும் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால்தான் வருத்தம். ஆனால் ஒரு கல்யாணம் என்பது ஒரு நாள், முந்தின நாள் ராத்திரி அழைப்பையும் சேர்த்தால் ஒன்றரை நாள். பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை எல்லாரும் போனோம். இரண்டுக்கு அம்மாவும் மகனும் போய்த் தலைகாட்டி மொய் எழுதிவிட்டு வந்தார்கள். மற்ற இரண்டு வீட்டுக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டு மொய்யைக் கொடுத்தனுப்பினேன். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மனைவிக்கு லீவு. ஒகேனக்கல் போகலாமா, பரிசலில் போய் மீன் வறுவல் சாப்பிட்டு வரலாமா என்றுதான் முதலில் நான் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "அதுக்கும் நான்தான் கட்டுச்சோறு கட்டணும், பசங்க துணி எடுத்து வைக்கணும். நான் ரெண்டு நாள் எங்க அம்மா வீட்டுல சும்மா படுத்துக் கெடக்கறேனே" என்றாள். நான் அவளுக்கு ஓய்வு என்று நினைத்தது வேறு, அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. கேட்காமல் டிக்கெட் போட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அவளுடைய அம்மா வீடு பாலக்கோடு. தூரம் இல்லை, மாடுதான் தடை. காலை மாலை பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். எனக்குச் சின்ன வயதில் கறந்த பழக்கம் உண்டு, ஆனால் புதுக் கை பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் புதன்கிழமையிலிருந்தே அவள் கறக்கும்போது பக்கத்தில் நின்றேன். வியாழன் கன்றை விட்டு, மடி கழுவி, கடைசிப் பாதியை நான் கறந்தேன். வெள்ளிக்கிழமை முழுசாக நான், அவள் பக்கத்தில் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை அவளும் மகளும் பஸ் ஏறினார்கள். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட ஒரு லிட்டர் குறைவாகத்தான் கிடைத்தது. மறுநாள் காலை சரியாகிவிட்டது.

சமையல் நானும் மகனும். அம்மா உட்கார்ந்தபடி சொல்லச் சொல்லக் களி கிண்டினோம். அரிசி நொய்யை வேகவைத்து, கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் குத்தித் துளை விட்டு, கிளறாமல் பத்து நிமிஷம் வேகவிட வேண்டும். அவசரப்பட்டுக் கிளறினால் கட்டி தட்டும், உள்ளே மாவு பச்சையாக நிற்கும். அப்புறம் அடுப்பை விட்டு இறக்கி, காலால் சட்டியை அண்டக் கொடுத்துக்கொண்டு கிண்டினால் தோள்பட்டை இறங்கிவிடும். பத்தொன்பது வருஷமாக இதை அவள் வாரத்துக்கு நான்கு நாள் கிண்டுகிறாள். கொள்ளுக் கடைசலும் களியும், இரண்டு நாளும் அதுதான். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. என்ன செய்தாய் என்று கேட்டேன். தூங்கினேன், தங்கச்சியோடு பேசினேன், மாங்காய் நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்றேன் என்றாள்.

அந்த ஞாயிறு மத்தியானம்தான் எனக்கும் உண்மையான ஓய்வு கிடைத்தது என்று சொல்வேன். புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன், போன் வீட்டுக்குள் சார்ஜில் இருந்தது. அதுவரை ஓய்வு என்று போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தது ஓய்வே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. எழுந்தபோது கண் எரியவில்லை, தலை கனக்கவில்லை. ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப்பை லீவின் முதல் நாளே மௌனமாக்கியிருந்தேன். அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், கிளம்புவதற்கு முன் எந்த மெஷினில் என்ன பிரச்சனை இருக்கிறது, எந்த ஸ்பேர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதி என் இடத்தில் இருந்தவரிடம் கொடுத்திருந்தேன். பன்னிரண்டு நாளில் இரண்டு போன்தான் வந்தது. போன வருஷம் தினமும் வந்தது.

செவ்வாய்க்கிழமை வாரிசுச் சான்று விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அரூரிலிருந்து அக்கா வந்தாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். முடித்துவிட்டு அக்கா அன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினாள். அப்பா போன காரியத்துக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் தூங்கியது அன்றுதான். அப்பா தளம் போட்ட வருஷம் ஜல்லி சுமந்தது, தளம் போட்ட அன்று மழை வந்து சாக்கு போட்டு மூடியது எல்லாம் பேசிக்கொண்டிருந்தோம், மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

புதன், வியாழன் இரண்டு நாளும் எதுவும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஏ ஷிப்ட், நாலே முக்காலுக்கு பஸ். அதற்காகப் புதன்கிழமையே எட்டரை மணிக்கு விளக்கை அணைத்தேன், வியாழன் எட்டுக்கு. முதல் நாள் தூக்கம் வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன், இரண்டாம் நாள் வந்தது. நண்பர்களிடம் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கடைசி நாள் ராத்திரி வரைக்கும் வேலையோ விருந்தோ வைத்துக்கொள்ளாதீர்கள், தூங்காமல் போய் ஓடுகிற மெஷின் முன்னால் நிற்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு வானம் வெளுத்திருந்தது. காலை ஆறு மணிக்கு முதல் கோட் தண்ணீர் கலந்து நீர்த்தாற்போல அடித்தோம், காய்ந்தபின் மத்தியானத்துக்கு மேல் நிழல் இறங்கியதும் இரண்டாவது கோட் கெட்டியாக. மகன் பாதி மாடியை அவனே அடித்தான். ஜூன் மாதக் கடைசியில் ஒரு ராத்திரி முழுக்க நல்ல மழை. விடிந்ததும் நானும் மனைவியும் ஒரே நேரத்தில் சமையலறைக்குப் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்தோம். காய்ந்திருந்தது.

கேட் இன்னும் துருவோடுதான் நிற்கிறது. பரண் தொடாமல் அப்படியே இருக்கிறது. ஆயுத பூஜைக்கு இந்தத் தடவை சேர்ந்தாற்போல மூன்று நாள் வீட்டில் இருப்பேன். அதில் ஒரு காலை பரணுக்கு என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டு நாளைப் பற்றி அவளிடம் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.